அழுங்கின் முதுகுக் கொக்கி

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குத் தோல் உடம்போடு ஒட்டியிருக்கவில்லை. சட்டை மாதிரி போட்டுக் கழற்றுவதுதான் தோல். பொழுது சாய்ந்தால் எல்லோரும் ஆற்றங்கரைக்கு வருவார்கள், தோலைக் கழற்றிக் கிளையில் போடுவார்கள், தண்ணீரில் இறங்கி ஊறிக் கிடப்பார்கள். காட்டில் அப்போது எல்லோருக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்தால் வம்பும் இருக்கும்தானே, அதுவும் நிறையவே இருந்தது.

தோலை மூடுவதற்கான கொக்கி, வளையம், பொத்தான் எல்லாம் செய்து கொடுத்தது ஒரு மரங்கொத்தி. பேர் கொண்டையன். விடிந்ததிலிருந்து டொக் டொக் என்று செம்பைத் தட்டிக்கொண்டே இருப்பான். யானைக்குக் கழுத்தடியில் இரும்புப் பட்டையும் அதைக் குத்தி நிறுத்த ஒரு முள்ளும். முயலுக்குக் கடுகு மாதிரி பித்தளைப் பொத்தான். மானுக்குக் காலில் நாடா கோத்து இழுத்துக் கட்ட இரண்டு வரிசை வளையம். நாடாவின் நுனி பிரிந்துவிடாமல் இருக்க அதற்கு ஒரு தகரக் குப்பி வேறு. பாம்புக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. பாம்பின் பக்கத்தில் போய் நின்று கொக்கி மாட்ட யார் தயார்? அது பாவம், தலைவழியே தானே கழற்றிப் பழகிக்கொண்டது.

மற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கொக்கி முதுகில்தான். முதலில் வயிற்றுப் பக்கம்தான் வைத்துப் பார்த்தான் கொண்டையன். நாலு காலில் நடக்கிறவர்களுக்கு வயிறு புல்லில் உரசும் அல்லவா? கொக்கியெல்லாம் வேரிலும் முள்ளிலும் சிக்கி, பாதி வழியில் தோல் கழன்று, ஒரே மானக்கேடு. சரி என்று முதுகுக்கு மாற்றினான். முதுகுக்கு மாற்றினதும் இன்னொரு சங்கடம் வந்தது. தன் முதுகுக் கொக்கியைத் தானே மாட்ட யாருக்கு முடியும்?

அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் மாட்டிவிட வேண்டும் என்று ஆயிற்று. காலையில் பார்த்துக்கொண்டால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்க மாட்டார்கள், "மாட்டியாச்சா" என்றுதான் கேட்பார்கள். காலையில் மாட்டின கைதான் சாயங்காலம் கழற்ற வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாமல் முறைத்துக்கொண்டிருந்தாலும், வந்து முதுகைக் காட்டினால் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அது காட்டின் வழக்கம்.

கொப்பாயி ஓர் அழுங்கு. எறும்புதின்னி என்கிறோமே, அதேதான். அப்போது அவளுக்குச் செதில் கிதில் ஒன்றும் கிடையாது. மெத்தென்று ஒரு சாம்பல் நிறத் தோல், முதுகில் வரிசையாகச் செம்புக் கொக்கிகள், அவ்வளவுதான். அவள் புருஷனைச் சிறுத்தை அடித்துவிட்டது. ஓடும்போது அவன் கொக்கி ஒன்று கழன்று, தோல் காலில் சுற்றி, விழுந்துவிட்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்றைக்குக் காலையில் அவனுக்கு மாட்டிவிட்டது யார் என்று யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்வி கொப்பாயியின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு குட்டி. பொடிச்சி என்று பேர். குட்டியைத் தன் தோலுக்கு உள்ளேயே, முதுகோடு சேர்த்து வைத்துத்தான் எங்கேயும் போவாள். பால் குடிக்க வேண்டுமென்றால் பொடிச்சி உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து வயிற்றுப் பக்கம் வந்துவிடும். அந்தக் கொக்கி வரிசை ஒழுங்காக இருக்கிற வரைக்கும் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. கொப்பாயிக்கு உலகத்தில் வேறு கவலையே கிடையாது.

அவளுக்குக் கொக்கி மாட்டிவிடுவது ஒச்சம்மா. பக்கத்து நாவல் மரத்தில் இருந்த மந்தி. மந்தியின் விரலுக்குக் கேட்கவா வேண்டும்? மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, எல்லாக் கொக்கியும் வளையத்தில் உட்கார்ந்துவிடும். ஒச்சம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள். மற்றவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள்.

ஒருநாள் கொப்பாயி புற்றுக்குள் தலையை விட்டு எறும்பு தின்றுகொண்டிருந்தாள். அழுங்கு தின்கிறதென்றால் பாதி உடம்பு புற்றுக்குள்ளே இருக்கும். வெளியே இடி விழுந்தாலும் தெரியாது. தின்று முடித்துத் தலையை வெளியே எடுத்தாள். முதுகில் சில்லென்று காற்று பட்டது. வாலை வளைத்துத் தடவினாள். மேல் கொக்கி திறந்திருந்தது.

பதறிப் போனாள். குட்டி உள்ளே இருந்தது. நல்லவேளை. நேரே நாவல் மரத்தடிக்கு ஓடினாள்.

"அக்கா, மேல் கொக்கி கழண்டு கெடக்கு. காலைல சரியா மாட்டினீங்களா?"

"மாட்டினேனே. இழுத்துக்கூடப் பார்த்தேன்" என்றாள் ஒச்சம்மா. சொல்லும்போது கொப்பாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டே இறங்கி வந்தாள், சட்டென்று மாட்டினாள், சட்டென்று ஏறிப் போய்விட்டாள்.

எதுக்கு இவ இவ்வளவு அவசரமாப் போறா? என்று கொப்பாயிக்குள் ஒன்று கேட்டது.

மறுநாளும் புற்றிலிருந்து தலையை எடுத்தால் மேல் கொக்கி திறந்திருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஊர்ந்து போகும்போது திறப்பதில்லை, தூங்கும்போது திறப்பதில்லை. தலை புற்றுக்குள் இருக்கிற நேரம் பார்த்துத்தான் திறக்கிறது. அப்படியானால் யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யார் அது? கொப்பாயி புற்றில் தலையை விடுவதுபோல் விட்டு, விருட்டென்று திரும்பிப் பார்த்தாள். மேலே கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கிளையைக் காற்றும் ஆட்டும், மந்தியும் ஆட்டும். கொப்பாயிக்கு அது காற்று என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் ஒச்சம்மா கொக்கியைக் கழற்றிவிட்டுப் போனதும் தோலை எடுத்து உதறினாள். உள்பக்கம், மேல் கொக்கிக்குக் கீழே, ஊதா நிறத்தில் ஒரு கறை. முகர்ந்து பார்த்தாள். நாவல் பழம்.

ஒச்சம்மாவின் விரலெல்லாம் அந்த நிறம்தானே! குட்டியைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கும் ஊதா.

"யாருடி குடுத்தா?"

பொடிச்சி வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

"ஒச்சம்மாவா?"

குட்டி அம்மாவின் காலுக்கிடையில் முகத்தைப் புதைத்தது. சந்தேகம் பிடித்தவளுக்கு அந்த மௌனம் போதாதா? பழம் கொடுத்துப் பழக்குகிறாள். பழக்கிவிட்டால் ஒருநாள் கூப்பிட்டதும் குட்டி அவளோடு போய்விடும். மரத்து மேலே கொண்டு போய்விட்டால் அழுங்கால் என்ன செய்ய முடியும்? கொப்பாயி அன்றைக்குத் தூங்கவில்லை. பழைய முள்ளும் சேர்ந்து குத்தியது. புருஷனுக்கு அன்றைக்குக் காலையில் மாட்டிவிட்டதும் ஒருவேளை இவள்தானோ?

காலையில் ஒச்சம்மா வழக்கம்போல மரத்திலிருந்து இறங்கி வந்தாள்.

"திரும்பு கொப்பாயி, மாட்டிவிடறேன்."

கொப்பாயி திரும்பவில்லை. முதுகை மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "வேணாம். இனிமே நீங்க என் முதுகைத் தொட வேணாம்."

"ஏண்டி? என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? பிள்ளையில்லாதவ கையில என் பிள்ளையை ஒப்படைச்சேனே, அது என் தப்பு!"

சொல்லக் கூடாத சொல். சொன்ன பிறகு கொப்பாயிக்கே ஒரு மாதிரி இருந்தது; ஆனால் அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒச்சம்மாவிடம் சொல்வதற்குப் பதில் இருந்தது. ஆனாலும் அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பேசாமல் மரத்தில் ஏறிப் போய்விட்டாள்.

பாருங்கள், குத்தம் இல்லாவிட்டால் திருப்பித் திட்டியிருப்பாள் அல்லவா, ஏன் பேசாமல் போகிறாள் என்று அதையும் ஒரு சாட்சியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள் கொப்பாயி!

தோலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே கொண்டையனின் பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, யாராலயும் திறக்க முடியாத கொக்கி வேணும்."

கொண்டையன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "திறக்க முடியாதது கொக்கி இல்லையே தாயி. பட்டை போட்டு முள்ளு வச்சுத் தரட்டா?"

"அதையும் விரல் இருக்கறவ திறப்பா."

"சரி, கொக்கிக்கு மேல தகடு ஒண்ணு போட்டு மூடிரலாம். ஆனா தினமும் மாட்ட ஒரு ஆள் வேணுமே?"

"ஆளே வேணாம். ஒரேயடியா ஆணி வச்சு அடிச்சிரும். முதுகு, விலா, வாலு, எல்லாம். வயித்தையும் விட வேணாம்."

கொண்டையனுக்கு அலகு நின்றுவிட்டது. "குட்டி?"

"உள்ளேதான் இருக்கும். இதைவிடப் பத்திரம் எங்க இருக்கு?"

அவன் கொஞ்சம் தயங்கினான். தொழில்காரன் எவ்வளவு நேரம் தயங்குவான்? தகட்டை இலை இலையாக வெட்டினான். ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஆணி வைத்து, உள்பக்கம் மடக்கி அடித்தான். வயிற்றுக்கு வரும்போது செம்பு தீர்ந்துபோய், மெல்லிய தகட்டையும் சின்ன ஆணியையும் வைத்து ஒப்பேற்றினான். கொப்பாயி எழுந்து நின்றாள். உடம்பெல்லாம் பளபளவென்றிருந்தது. எந்த இடத்திலும் ஒரு நகம் நுழைய வழியில்லை.

நடையே மாறிவிட்டது அவளுக்கு. நாவல் மரத்தடியில் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். மேலே ஒச்சம்மா குனிந்து பார்த்தாள், "கொப்பாயி, என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கே?" என்று கத்தினாள். இப்போது பதறுகிறாயா, பதறு என்று நினைத்துக்கொண்டே கொப்பாயி திரும்பிப் பார்க்காமல் போனாள். நேரே புற்றுக்குப் போய்த் தலையை உள்ளே விட்டாள்.

வெயில் ஏறியது. கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முதுகில் சுரண்டல்.

வந்துட்டா! கொப்பாயி தலையை வெளியே இழுத்தாளே தவிரத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அப்படியே உடம்பைச் சுருட்டினாள். தலையை வயிற்றுக்குள் வைத்து, வாலால் சுற்றி, பந்தாக உருண்டு கிடந்தாள். சுரண்டல் அதிகமானது. அவள் இன்னும் இறுக்கினாள். "சுரண்டுடி, சுரண்டு. உன் நகம்தான் தேயும்" என்று உள்ளுக்குள்ளேயே சொன்னாள். சுரண்டல் வேகமாகி, பிறகு விட்டு விட்டு வந்தது. களைச்சுட்டா போல. கொப்பாயிக்குச் சிரிப்பே வந்தது.

அப்போது அவள் பிடரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அம்மா... காத்து..."

சுரண்டினது வெளியிலிருந்து இல்லை.

கொப்பாயி போட்ட அலறலில் காடு திரும்பிப் பார்த்தது. கொக்கிக்கும் கொக்கிக்கும் நடுவில் எப்போதும் காற்று வர இடம் இருந்தது. தகட்டுக்கு நடுவில் ஏது இடம்? கொண்டையன் பறந்து வந்தான். ஒரு தகட்டைக் கொத்தினான், நகரவில்லை. பலமாகக் கொத்தினால் அலகு உள்ளே இருக்கிற குட்டியின் மேல் இறங்கும். "மடக்கி அடிச்சிட்டேனே தாயி, முதுகுப் பக்கம் நெம்ப முடியாது. வயித்துத் தகடுதான் மெல்லிசு. அதைப் பிரிக்க விரல் வேணும்" என்று பதறினான்.

விரல் யாருக்கு இருக்கிறது?

யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒச்சம்மா ஏற்கெனவே கீழே இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"விரி கொப்பாயி. வயித்தைக் காட்டு."

கொப்பாயி விரிந்தாள். ஒச்சம்மாவின் விரல் தகட்டில் பட்டதும் உடம்பு தானாகச் சுருண்டுகொண்டது.

"விரிடி!"

"விரிக்கறேன் அக்கா, விரிக்கத்தான் பாக்கறேன்!" என்று அழுதாள். விரிந்தாள். விரல் பட்டதும் மறுபடியும் சுருண்டது. இத்தனை நாள் யாரை நினைத்து நினைத்து உடம்பை இறுக்கினாளோ, அந்தக் கையே இப்போது வந்து தொடுகிறது. மனசு திற என்கிறது, உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது. தன் உடம்பை அவள் அன்றைக்குப் போல என்றைக்கும் வெறுத்ததில்லை.

உள்ளே சுரண்டல் நின்றுவிட்டது.

அது நின்றதும் கொப்பாயிக்கு உயிரே போனது. நாலு காலையும் பரப்பி மல்லாந்து விழுந்தாள். வாலைப் பக்கவாட்டில் இழுத்துத் தன் வாயாலேயே கவ்விப் பிடித்துக்கொண்டாள், அது வயிற்றைச் சுற்றிக்கொள்ளாமல் இருக்க. "பிய்ச்சிருங்க அக்கா! எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல, பிய்ச்சிருங்க!" என்று கவ்வின வாயோடு கத்தினாள்.

ஒச்சம்மா தகட்டை விரலால் நெம்பினாள். நகம் பிய்ந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். வயிற்றுத் தகடு ஒவ்வொன்றாகப் பறந்து விழுந்தது. கடைசியில் அடித்தோலையும் கிழித்துக் கையை உள்ளே விட்டுப் பொடிச்சியை வெளியே இழுத்தாள். குட்டி துணி மாதிரித் தொங்கியது. ஒச்சம்மா அதன் மூக்கில் வாயை வைத்து ஊதினாள். மறுபடி ஊதினாள். பொடிச்சி ஒரு தும்மல் தும்மி, கண்ணைத் திறந்து, அம்மாவைப் பார்த்து ஓவென்று அழுதது.

"நான்தாம்மா கொக்கியத் தொறப்பேன். உள்ள இருட்டா இருக்கும். கொஞ்சம் வெளிய எட்டிப் பாப்பேன். பெரியம்மா பாத்துட்டு, விழுந்துராதடின்னு பழம் குடுத்துப் பக்கத்துலயே உக்காந்துக்கும். அம்மாகிட்டச் சொல்லாதன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

கொப்பாயி ஒச்சம்மாவைப் பார்த்தாள். எந்த வார்த்தையை எடுத்து எதை மூடுவது? "அக்கா..." என்றாள்.

"புள்ளையப் பாரு" என்றாள் ஒச்சம்மா. ரத்தம் ஒழுகுகிற விரலை வாயில் வைத்துக்கொண்டு மரத்தில் ஏறிப் போய்விட்டாள்.

செய்தி காடு முழுக்கப் பரவியது. ஆனால் பரவினது குட்டி பிழைத்த செய்தி இல்லை, யாரோ கொக்கியைத் திறந்தார்கள் என்கிற செய்தி. மான் முயலைச் சந்தேகப்பட்டது, முயல் கீரியைச் சந்தேகப்பட்டது. எல்லோரும் கொண்டையனிடம் வரிசையில் நின்று, கொக்கியைப் பிடுங்கிவிட்டுத் தோலை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்த பிறகு கொண்டையனுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. தட்டிப் பழகின அலகு சும்மா இருக்குமா? இன்றைக்கும் பட்ட மரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறான். ஆற்றங்கரையில் யாரும் யாருக்கும் முதுகு கொடுப்பதில்லை. "மாட்டியாச்சா" என்ற கேள்வியே காட்டில் இல்லாமல் போனது.

எல்லோரும் விட்டுவிட்ட அந்த வழக்கத்தைத் தேடிக்கொண்டு ஒரே ஒருத்தி வந்தாள். வயிற்றுப் புண் ஆறின பிறகு ஒரு காலையில் கொப்பாயி நாவல் மரத்தடிக்கு வந்து நின்றாள். பொடிச்சி இனி உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடித்து அவள் வாலின் மேல் தொற்றிக்கொண்டிருந்தது. கொப்பாயி மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மாட்டிவிடுங்க."

மாட்டுவதற்கு அவள் முதுகில் கொக்கியே இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். ஒச்சம்மா கிளையிலிருந்து இறங்கி வந்தாள். கோபம் இல்லை அவள் முகத்தில். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுக்கிற மாதிரி, ஆசையாகக் கையைக் கொண்டு போய்க் கொப்பாயியின் முதுகில் வைத்தாள்.

கை பட்டதும் கொப்பாயி சுருண்டுபோனாள். குட்டியையும் வாரி உள்ளே வைத்துக்கொண்டு, பந்தாக உருண்டு கிடந்தாள்.

"ஐயோ அக்கா, நான் இல்ல! நான் செய்யலக்கா!" என்று பந்துக்குள்ளிருந்து அழுதாள்.

"தெரியும்டி" என்றாள் ஒச்சம்மா. கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். "உன் மனசு என்னை நம்பிருச்சு. உன் உடம்புதான் இன்னும் நம்பல. அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

அவள் தன் கூட்டத்துக்குத் திரும்பிப் போனாள். அன்று முதல்தான் மந்திகள், மாட்டிப் பழகின விரலை வைத்துக்கொண்டு, தங்களுக்குள்ளேயே ஒன்றின் முதுகை ஒன்று விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அன்று முதல்தான் அழுங்குக்கு வயிற்றில் மட்டும் செதில் இல்லை, அதன் குட்டி வாலில் தொற்றிக்கொண்டு போகிறது. தொடுவது சிறுத்தையா சிநேகிதியா என்று பார்க்காமலே அது சுருண்டுகொள்கிறது.